வராதவரின் பாத்திரத்தை என்ன செய்வது? ஒரு கேம்பெய்னைப் பழுதுபார்த்த பதிவு

5 ஆட்டக்காரர்கள், கதையை நடத்தும் கேம் மாஸ்டராக நான், வாரத்தில் ஒரு மாலை, 3 மணி நேரம் என்பது எங்கள் ஏற்பாடு. ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு விதிநூல்களை வைத்துக்கொண்டு, ஒரு பேராற்றின் கரையோரமாக அதன் ஊற்றுமுகம் தேடிப் போகும் குழுவின் கதையை நடத்தத் தொடங்கினேன். 14 வாரங்கள் முடிந்தபோது என் குறிப்பேட்டில் 6 அமர்வுகளே பதிவாகியிருந்தன. மற்ற 8 வாரங்களிலும் யாரேனும் ஒருவரால் வர முடியாமல் போயிருந்தது. ஐவரும் இருந்தால்தான் ஆடுவது என்று நாங்களே வகுத்துக்கொண்ட விதியின்படி, வரத் தயாராக இருந்த மற்றவர்களும் அந்த மாலைகளில் வீட்டிலேயே இருந்துவிட்டோம். கேம்பெய்ன் எனப்படும் அந்தத் தொடர்கதை இப்போது 41 அமர்வுகளைக் கடந்து நடந்துகொண்டிருக்கிறது. இடையில் எதை மாற்றினேன், எந்த மாற்றம் உடைந்தது, எது நின்றது என்பதை, இதே நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும் வேறொரு கேம் மாஸ்டருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே பதிந்து வைக்கிறேன்.

முதலில் எனக்குக் கோபம்தான் இருந்தது. சிலர் ஆட்டத்தை மதிக்கவில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு தவறு என்பதை ஒரு சிறு கணக்கு காட்டியது. ஒவ்வொருவரும் சராசரியாக 6 வாரத்துக்கு ஒரு முறை வர இயலாமல் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலையும் குடும்பமும் உள்ளவர்களைப் பொறுத்தவரை அது மிக நல்ல வருகை. அப்படியிருந்தும் ஐவரும் ஒரே மாலையில் கூடுவதற்கான வாய்ப்பு, ஐந்து ஆறில் ஐந்துகளைப் பெருக்கினால் கிடைக்கும் சுமார் 40 விழுக்காடுதான். எங்களுடைய 14க்கு 6 என்பது கிட்டத்தட்ட அதே அளவு. நால்வரேனும் வந்தால் போதும் என்றால் வாய்ப்பு 80 விழுக்காடாகவும், மூவரேனும் வந்தால் போதும் என்றால் 96 விழுக்காடாகவும் உயர்கிறது. யாரும் இன்னும் ஒழுங்காக வரத் தேவையில்லை; ‘மூவர் இருந்தால் ஆட்டம் உண்டு’ என்று ஒரு விதியை மாற்றினாலே ஆண்டின் 52 வாரங்களில் ஏறக்குறைய 50 வாரம் ஆடிவிடலாம். இந்தக் கணக்கை மேசையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். அன்றே விதியை மாற்றினோம்.

விதி மாறியதே தவிர, வராதவரின் பாத்திரம் அந்த மாலையில் எங்கே இருக்கிறது, யார் அதை நடத்துகிறார் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. வந்திருப்பவர்களில் யாராவது ஒருவர் இரண்டு பாத்திரங்களின் திறன்களும் எண்களும் எழுதிய தாள்களையும் வைத்து ஆடட்டும் என்று விட்டுவிட்டோம். பல குழுக்களில் வழக்கத்தில் உள்ள ஏற்பாடுதான் அது. 7ஆம், 8ஆம் அமர்வுகள் குறையில்லாமல் நடந்தன. 9ஆம் அமர்வில் அது முறிந்தது.

அன்று வந்தவர்கள் மூவர். விசார்ட் என்ற மந்திரவாதிப் பாத்திரம் குகைக்கு வெளியே காவல் நிற்கிறது என்று சொல்லி ஒதுக்கிவிட்டோம். குணப்படுத்தும் பூசாரியான கிளெரிக்கின் தாளை, போர்வீரரான ஃபைட்டரை ஆடும் நண்பர் வாங்கிக்கொண்டார். குகையின் உள்ளறையில் நான் 4 ஓகர்களை, அதாவது பேருருவ அரக்கர்களை, வைத்திருந்தேன். ஓர் ஓகரை வீழ்த்தினால் 450 அனுபவப் புள்ளிகள்; மோதல் எவ்வளவு கடினம் என்று கணிப்பதும் அந்தப் புள்ளிகளை வைத்துத்தான். நான்குக்கும் சேர்த்து 1,800. பகைவர்கள் 3 முதல் 6 வரை இருந்தால் 2014 விதிகள் அந்தத் தொகையை இரண்டால் பெருக்கச் சொல்கின்றன, ஆக 3,600. அனுபவம் ஏறி ஐந்தாம் நிலையை எட்டிய 5 பாத்திரங்களுக்குக் கடினமான மோதல் என்பது 3,750இல் தொடங்குவதால், நான் தயாரித்தபோது இது நடுத்தர மோதலாக இருந்தது. 4 பாத்திரங்கள் என்றால் கடினத்தின் எல்லை 3,000ஆகவும், 3 பாத்திரங்கள் என்றால் உயிரைக் குடிக்கும் மோதலின் எல்லை 3,300ஆகவும் இறங்கிவிடுகின்றன. ஓர் ஓகரைக்கூட நான் மாற்றாமல் இருக்க, வருகை குறையக் குறைய அதே அறை நடுத்தரத்திலிருந்து கடினமாகி, கடினத்திலிருந்து கொலைக்களமாகிவிடுகிறது. 2024இல் வந்த திருத்தப் பதிப்பு அந்தப் பெருக்கலைக் கைவிட்டுவிட்டது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற அடிப்படை அதிலும் அப்படியே இருப்பதால், சிக்கல் அங்கும் இதுவேதான்.

தாளில் 4 பாத்திரங்கள் இருந்தாலும் நான்காவதை இயக்கியது பழகாத கை. நண்பர் கிளெரிக்கை ஃபைட்டரைப் போலவே முன்வரிசையில் நிறுத்தினார்; ஐந்தாம் நிலைக் கிளெரிக்கால் ஒரு நாளைக்கு இரண்டு முறை மட்டுமே சொல்லக்கூடிய, அவரிடம் உள்ளவற்றிலேயே வலிமை மிக்க மூன்றாம்தர மந்திரங்களையும் முதல் இரண்டு சுற்றுகளிலேயே செலவழித்தார். மூன்றாம் சுற்றில் ஓகர்களின் இரண்டு தடியடிகள் கிளெரிக்கின் மேல் விழுந்தன. வீழ்ந்தவர் பிழைப்பாரா என்று பார்க்க அதன் பிறகு உருட்டிய மரணப் பகடைகளும் கைவிட்டன. ஒரு நிமிடத்துக்குள் சொன்னால் இறந்தவரை மீட்கும் ரெவிவிஃபை மந்திரம் அந்தக் குழுவில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர்தான் தரையில் கிடந்தார்.

கிளெரிக்கை ஆடுபவர் எங்கள் மேசையில் வயதில் மூத்தவர். நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் அழைப்போம். அடுத்த வாரம் அவர் வந்து உட்கார்ந்ததும் நடந்ததைச் சொன்னோம். 500 தங்கம் மதிப்புள்ள வைரம் ஒன்று கிடைத்தால் 10 நாளுக்குள் ரெய்ஸ் டெட் மந்திரத்தால் உயிர்ப்பித்துவிடலாம், அதற்காக ஒரு பயணமே போகலாம் என்று மற்றவர்கள் ஆர்வத்தோடு திட்டம் போட்டார்கள். அக்கா தன் தாளை வாங்கி, அழித்து எழுதப்பட்டிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “நான் இல்லாதப்போ யாரோ எடுத்த முடிவுக்காக, நான் இருக்கிறப்போ எல்லாரும் வைரம் தேடிப் போகணுமா?” என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் கேட்டது நியாயம். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்த மரணம் நடக்கவில்லை, கிளெரிக் படுகாயத்தோடு மீட்கப்பட்டார் என்று அறிவித்தேன். நடந்ததைத் திரும்பப் பெறுவது ஆட்டத்தின் கனத்தைக் குறைக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. நானும் பொதுவாக அந்தக் கட்சிதான். ஆனால் ஒரு பாத்திரத்தின் சாவு அதை ஆடுபவரின் முடிவுகளிலிருந்து வரும்போதுதான் அதற்குக் கனம் இருக்கிறது. அவர் மேசையிலேயே இல்லாதபோது வரும் சாவு அவரிடமிருந்து ஒன்றைப் பறிப்பது மட்டுமே.

அன்று எழுதிவைத்த விதி இன்றுவரை மாறவில்லை: வராதவரின் பாத்திரத்தாளை யாரும் தொடுவதில்லை. அந்தப் பாத்திரம் சாகாது, காயப்படாது, பொருளிழக்காது, வாக்குக் கொடுக்காது. அப்படியானால் அது ஆட்டக்களத்தில் இருக்கவும் கூடாது. அடுத்த கேள்வி அங்கே எழுந்தது: ஆற்றோரக் காட்டின் நடுவே, ஒரு குகையின் பாதி வழியில் அமர்வு முடிகிறது, அடுத்த வாரம் ஒருவர் வரவில்லை, அவர் எங்கே போனார்?

இதற்கு விடை தேடியபோது, இந்த விளையாட்டு தோன்றிய காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்பதைக் கண்டுகொண்டேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட முதற்பதிப்பு, ஒரு கேம்பெய்னில் 4 முதல் 50 பேர் வரை ஆடலாம் என்றும், நடுவர் ஒருவருக்கு ஆட்டக்காரர் 20 பேர் என்ற விகிதம் பொருத்தமானது என்றும் சொல்கிறது. 50 பேரும் ஒரே நாளில் ஒரு மேசையைச் சுற்றி உட்காரப் போவதில்லை. அன்று யார் வந்தார்களோ அவர்கள் ஒரு குழுவாகப் பாதாளத்துக்குள் இறங்கினார்கள். மற்றவர்களின் பாத்திரங்கள் ஊரில் தத்தம் வேலையைப் பார்த்தன. 1979ஆம் ஆண்டின் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் நூலில், காலக்கணக்கைக் கண்டிப்பாக வைத்திராத கேம்பெய்ன் பொருளற்றது என்று கைகாக்ஸ் முழுப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருப்பதன் காரணமும் அதுதான்: வெவ்வேறு நாளில் வெவ்வேறு குழுக்கள் ஒரே உலகத்தில் நடமாடும்போது, இன்று யார் எங்கே இருக்கிறார் என்பது நாட்காட்டி இல்லாமல் தெரியாது. 2000களின் தொடக்கத்தில் பென் ராபின்ஸ் நடத்திய வெஸ்ட் மார்ச்சஸ் கேம்பெய்ன் இந்தப் பழைய அமைப்பைப் புதுப்பித்தது. நிலையான குழு இல்லை, நிலையான நாள் இல்லை. வருகிறவர்கள் கூடி எங்கே போவதென்று முடிவு செய்து கிளம்புகிறார்கள். பாதுகாப்பான ஒரே ஊரிலிருந்து பயணம் தொடங்கி, அதே ஊரில் முடிகிறது.

ஒரே குழுவினர் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கதையைச் சுமந்து செல்வது என்ற வழக்கம் பின்னாளில் வேரூன்றியது. அதை நாங்களும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் கதையின் பாரம் முழுவதும் ஐந்து பேரின் தோளில் இருந்தது. ஒருவர் விலகினால் மற்ற நால்வரும் நகர முடியவில்லை. அந்தப் பாரத்தை ஆட்களிடமிருந்து ஓர் இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று புரிந்தது. ஆனால் எங்கள் கதை ஊற்றுமுகம் தேடிப் போகும் பயணம். திரும்பி வருவதற்கு ஊர் ஏது?

இரண்டு வாரம் யோசித்த பிறகு, ஊரையே ஆற்றில் மிதக்கவிட்டேன். 12ஆம் அமர்வில் குழுவினருக்கு ஓர் அகன்ற சரக்குப் படகு கிடைத்தது: பாய்மரம் ஒன்று, துடுப்புகள் பன்னிரண்டு, சாக்குகளுக்கு நடுவே படுக்க இடம், பின்புறம் தகரக் கூரையிட்ட சிறு அறை. அதன்பின் ஒவ்வோர் அமர்வும் படகு ஏதேனும் ஒரு துறையில் கட்டப்பட்டிருப்பதில் தொடங்குகிறது. வந்தவர்களின் பாத்திரங்கள் கரையிறங்குகின்றன. வராதவர்களின் பாத்திரங்கள் படகில் இருக்கின்றன. அமர்வு முடிவதற்குள் இறங்கியவர்கள் படகுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அமர்வுகளுக்கு இடைப்பட்ட வாரத்தில் படகு அடுத்த துறைக்கு நகர்ந்துவிடும். பாலைவனக் கதை நடத்துபவர்களுக்கு இது ஒரு வணிகச் சாத்தாக இருக்கலாம். விண்வெளிக் கதை நடத்துபவர்களுக்குக் கப்பல் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

இந்த அமைப்பு நான் அமர்வுகளைத் தயாரிக்கும் முறையையே மாற்றிவிட்டது. முன்பு ஒரு பெரிய பாதாளத்தை வரைந்து, அதை நான்கு வாரம் நீட்டி ஆடுவேன். இப்போது ஒரு மாலையில் நுழைந்து வெளியேறக்கூடிய அளவில், 5 அல்லது 6 அறைகளோடு ஓர் இடத்தை வரைகிறேன். பெரிய இடம் வேண்டுமென்றால், அதற்கு ஆற்றை நோக்கி இரண்டு மூன்று வாயில்கள் வைத்து, வெவ்வேறு வாரத்தில் வெவ்வேறு வாயில் வழியாக நுழைய விடுகிறேன். 3 மணி நேர அமர்வில் 2 மணி 15 நிமிடம் ஆனதும், “திரும்ப வேண்டிய நேரம்” என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். தொடக்கத்தில் அது ஆட்டத்தின் மயக்கத்தைக் கலைக்குமோ என்று தயங்கினேன். மாறாக, இன்னும் ஓர் அறையைத் திறப்பதா, கிடைத்ததோடு கரைக்குத் திரும்புவதா என்ற விவாதமே அமர்வின் மிகச் சூடான பகுதியாகிவிட்டது. நேரத்துக்குத் திரும்ப முடியாமல் போனது இதுவரை மூன்று முறைதான். அப்போது அடுத்த வாரம் அந்த இடத்திலிருந்தே தொடங்கினோம். புதிதாக வந்தவரின் பாத்திரம் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தது. வராதவரின் பாத்திரம் செய்தியோடு படகுக்கு அனுப்பப்பட்டது. கொஞ்சம் ஒட்டுப்போட்டது போலத்தான் இருந்தது, தாங்கியது.

படகில் தங்குவதற்கும் காரணம் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். குகை வாயில் வரை வந்த வீரன் திடீரென்று மறைந்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தோன்றுவதைப் பொருட்படுத்தாத குழுக்கள் உண்டு. அவர்களுக்கு அது போதுமானது. எங்களுக்குப் போதவில்லை. ஆகவே ஒவ்வொருவரிடமும் உள்ளங்கை அகல அட்டை ஒன்றைக் கொடுத்து, தம் பாத்திரம் படகிலேயே தங்கிவிடுவதற்கான மூன்று காரணங்களைத் தாமே எழுதித் தரச் சொன்னேன். திருட்டுத் தொழில் தெரிந்த ரோக்கின் அட்டையில் இருந்த முதல் வரி: ‘இந்தத் துறையில் என்னைத் தேடுபவர்கள் இருக்கலாம்.’ அக்கா எழுதியது: ‘காய்ச்சலில் கிடக்கும் படகோட்டியை விட்டு வர மனமில்லை.’ விசார்டுக்கு விதிநூலே காரணம் தந்தது; கண்டெடுத்த மந்திரத்தைத் தன் ஏட்டில் படியெடுக்க, மந்திரத்தின் தரம் ஒன்றுக்கு 2 மணி நேரமும் 50 தங்கமும் ஆகும் என்பதால், மூன்றாம்தர மந்திரம் ஒன்று முழு 6 மணி நேரத்தை விழுங்கிவிடும். யாரேனும் வராத அன்று அவருடைய அட்டையை எடுத்து ஒரு வரியைப் படித்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறோம். அரை நிமிடம்தான் ஆகிறது. ஆனால் அந்த வரி வராதவரின் சொந்தச் சொல் என்பதால், அவர் மேசையில் ஓர் ஓரமாகவேனும் இருப்பது போலிருக்கிறது.

நிலை உயர்வு பற்றி நீண்ட விவாதம் நடந்தது. முடிவை மட்டும் சொல்கிறேன். வந்தாலும் வராவிட்டாலும் எல்லோரும் ஒரே நிலையில் இருப்பார்கள். வருகிறவருக்குத்தான் அனுபவப் புள்ளி என்ற முறையையும் விதிநூல் ஏற்கிறது, அதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பதிப்பில் நான்காம் நிலைக்கும் ஐந்தாம் நிலைக்கும் இடையே உள்ள பள்ளம் பெரியது: ஃபைட்டருக்கு ஒரு முறைக்கு இரண்டு அடிகள், விசார்டுக்கு மூன்றாம்தர மந்திரங்கள், எல்லோருக்கும் தேர்ச்சி மதிப்பு 2இலிருந்து 3. இரண்டு வாரம் வர முடியாதவரை அந்தப் பள்ளத்தின் மறுபக்கம் நிறுத்தினால், வந்த பிறகும் அவர் குழுவோடு சேர்ந்தவராக உணரமாட்டார். கிடைத்த செல்வத்தில் ஒரு பங்கைப் படகின் பொதுப்பெட்டியில் போடுகிறோம். வராதவர்களுக்கு அதிலிருந்து உரிமை உண்டு.

20ஆம் அமர்வின்போது எல்லாம் சீராகிவிட்டது என்று நம்பினேன். வாரந்தோறும் ஆடினோம். குறிப்பேடு நிரம்பியது. அப்போதுதான் காட்டுவழி அறிந்த ரேஞ்சரை ஆடும் தம்பி தொடர்ந்து மூன்று வாரம் வராமல் போய், நான்காவது வாரம் எந்தத் தகவலும் இல்லாமல் நின்றுவிட்டான். வேலைச் சுமை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் பேசிப் பார்த்தேன்.

“வேலை போன மாசமே முடிஞ்சிருச்சு அண்ணா. ஆனா நான் வந்தா, நடந்ததையெல்லாம் எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். எல்லாரும் ஏதோ பேர் சொல்லிச் சிரிக்கிறாங்க, எனக்கு அது யாருன்னே தெரியல. அதான் கூச்சமா இருந்துச்சு.”

அன்று வரை நான் பழுது பார்த்துக்கொண்டிருந்த இடமே தவறு என்று இந்தப் பேச்சு எனக்குக் காட்டியது. ஆள் வராத மாலையை எப்படி ஓட்டுவது என்பதிலேயே என் கவனம் முழுவதும் இருந்தது. அந்த மாலைகள் எப்படியும் ஓடிவிடுகின்றன. அவர் திரும்பி வந்து உட்காரும் முதல் கால்மணி நேரத்தில்தான் கேம்பெய்ன் ஆளை இழக்கிறது. ஒரு வாரம் விட்டவர் கொஞ்சம் பின்தங்குகிறார். அந்தப் பின்தங்கலின் கூச்சம் இரண்டாவது வாரத்தை விட வைக்கிறது. மூன்றாவது வாரம் வராமலிருப்பதே எளிதாகிவிடுகிறது. நான் ஒவ்வொரு வாரமும் இரண்டு பக்கத்துக்குக் கதைச் சுருக்கம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். படிக்க வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போவதாகத்தான் அது அவனுக்குப் பட்டிருக்கிறது.

வின்சென்ட் பேக்கரும் மெகெய் பேக்கரும் 2010இல் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்ட் விளையாட்டில் ‘காதல் கடிதம்’ என்ற ஓர் உத்தி உண்டு. ஆட்டத்துக்கு வெளியே கடந்துபோன நாட்களில் ஒரு பாத்திரத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை நடத்துபவர் சிறு கடிதமாக எழுதி, அதற்குள்ளேயே ஒரு பகடை உருட்டலையும் சில தேர்வுகளையும் வைத்து அந்த ஆட்டக்காரரிடம் கொடுப்பார். அந்த விளையாட்டில் அதற்கு இரண்டு ஆறுமுகப் பகடைகள். நான் அதை எங்கள் இருபதுமுகப் பகடையான டி20க்கு மாற்றிக்கொண்டேன். தம்பிக்கு எழுதிய முதல் கடிதத்தை அப்படியே தருகிறேன்.

‘ரேஞ்சருக்கு: படகு கட்டப்பட்டிருந்த இரவுகளில் நீ கரையில் தனியாகக் காவல் இருந்தாய். இரண்டாம் இரவு, எதிர்க்கரையை ஒட்டி விளக்கில்லாத படகு ஒன்று மேல்நோக்கிப் போனதைக் கண்டாய். சர்வைவல் திறனுக்கு உருட்டு. 15 அல்லது அதற்கு மேல் வந்தால் கீழே உள்ளவற்றில் இரண்டைத் தேர்ந்துகொள். 10 முதல் 14 வரை வந்தால் ஒன்று. 10க்குக் குறைந்தால் அப்போதும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம், ஆனால் அந்தப் படகில் இருந்தவர்களும் உன்னைப் பார்த்துவிட்டார்கள். அந்தப் படகு எங்கே ஒதுங்கியது என்று உனக்குத் தெரியும். அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியும். அவர்கள் கரையில் விட்டுச் சென்ற ஒரு பொருள் இப்போது உன் பையில் இருக்கிறது. அது என்னவென்று நீயே சொல்.’

அவன் வந்த அன்று கதைச் சுருக்கம் எதையும் சொல்லாமல், எல்லோர் முன்னிலையிலும் கடிதத்தைக் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தான். பகடையில் 4 விழுந்தது. திறனைக் கூட்டினால் 9. ஆக, அவர்கள் அவனைப் பார்த்துவிட்டார்கள். மூன்றாவதைத் தேர்ந்துகொண்டு சற்று நேரம் யோசித்துவிட்டு, “ஒரு குழந்தையோட செருப்பு. ஒத்தைச் செருப்பு” என்றான். மேசை அப்படியே அடங்கிப்போயிற்று. எதிரிப் படகைப் பற்றி மூன்று வாரமாகத் துப்புத் தேடிக்கொண்டிருந்த மற்ற நால்வரும் அவன் பக்கம் திரும்பினார்கள். எந்தக் கரை, எந்த நேரம், எந்தப் பக்கமாகப் போனது என்று அவனைக் கேட்கத் தொடங்கினார்கள். அவன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் இருந்தன. அவற்றை இடையிடையே அவர்கள் தாமாகவே சொன்னார்கள். கால்மணி நேரத்தில் அவன் ஆட்டத்துக்குள் இருந்தான். அந்தப் படகில் ஒரு குழந்தை இருக்கிறது என்பது நான் திட்டமிட்ட கதையில் இல்லாதது. அன்றிலிருந்து அதுதான் கதை.

இரண்டு விஷயங்களை இதில் பட்டறிந்து கற்றுக்கொண்டேன். கடிதத்தை முந்தின நாளே அனுப்பினால் பாதிப் பயன் போய்விடுகிறது, ஏனென்றால் அது தனியாகச் செய்யும் வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. மேசையில், அமர்வின் முதல் செயலாக நடக்க வேண்டும். அடுத்து, எவ்வளவு மோசமாக உருட்டினாலும் மற்றவர்களிடம் இல்லாத ஏதோ ஒரு செய்தி அவர் கைக்கு வந்தாக வேண்டும். வராததற்குத் தண்டனையாக எழுதப்பட்ட கடிதம் என்ற வாடை கொஞ்சம்கூட இருக்கக் கூடாது. இரண்டு பக்கச் சுருக்கத்தையும் நிறுத்திவிட்டேன். அமர்வு முடிந்ததும் வந்தவர்களில் ஒருவர் படகின் பதிவேடு என்ற பெயரில் ஐந்தே வரி எழுதுகிறார். அது எல்லோராலும் படிக்கப்படுகிறது.

தவறிய முயற்சிகளும் உண்டு. பகைவர்களின் திட்டம் நகர்வதைக் காட்ட, ஆறு பகுதிகளாகப் பிரித்த ஒரு வட்டத்தை வரைந்து, வாரம் ஒரு பகுதியாக நிழலிட்டு வந்தேன். ஆட்டம் நடக்காத வாரத்திலும் நிழலிட்டது பிழை; தாங்கள் இல்லாதபோது தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று ஆட்டக்காரர்கள் சோர்ந்தார்கள். இப்போது அமர்வு நடந்தால்தான் வட்டம் நகர்கிறது. அதைவிட வலித்தது 23ஆம் அமர்வு. ரோக்கின் பழைய வாழ்க்கையை மையமாக வைத்து ஒரு முழு மாலையைத் தயாரித்திருந்தேன். அன்று மதியம் அவரால் வர இயலவில்லை என்று தகவல் வந்தது. அதை ஒத்திவைத்து, கையில் எதுவுமில்லாமல் மூன்று மணி நேரத்தை ஓட்டினேன். அதன்பின் எந்தக் கதையிழையையும் இரண்டு பாத்திரங்களோடாவது முடிச்சுப் போடாமல் மேசைக்குக் கொண்டுவருவதில்லை. ரோக்கைத் தேடிவரும் பழைய கூட்டாளிக்குக் கிளெரிக்கின் கோயிலிலும் ஒரு கடன் இருக்கிறது; இருவரில் ஒருவர் வந்தாலும் கதவு திறக்கும்.

இருவர் மட்டுமே வரும் மாலைகள் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோதான். அவற்றில் படகோட்டிகளை ஆடுகிறோம். 1987இல் வெளிவந்த ஆர்ஸ் மேஜிக்காவில் ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதியும், எல்லோருக்கும் பொதுவாகக் காவலர், வேலையாட்கள் கூட்டமும் இருப்பார்கள். மந்திரவாதி ஒரு பருவம் முழுவதும் ஆய்வறையில் அடைந்திருந்தாலும் கதை மற்றவர்களால் நகரும். அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஆறு படகோட்டிகளுக்கு ஓர் அட்டை வீதம் எழுதிவைத்தோம். 2020இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் நூலில் உள்ள துணைப்பாத்திர விதிகள் அதற்கு மிகவும் பொருந்துகின்றன: போர்வீரர், வல்லுநர், மந்திரக்காரர் என்று மூன்றே வகை, தாள் அரைப் பக்கத்தைத் தாண்டாது. காய்ச்சலில் கிடந்த படகோட்டிக்கு இப்போது முக்கியப் பாத்திரங்களுக்கு நிகரான ரசிகர்கள் இருக்கிறார்கள்.

வருகையைப் பொறுத்தவரை எங்களிடம் உள்ள ஒரே வேண்டுகோள், முந்தின நாள் மாலைக்குள் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு சொல் அனுப்புவது. காரணம் கேட்பதில்லை. அந்த ஒரு சொல் கிடைத்தால், நான்கு ஓகர்களை மூவருக்கு ஏற்ப இரண்டாகக் குறைக்க எனக்குப் பத்து நிமிடம் போதும்: இரண்டுக்கு 900, அதை ஒன்றரையால் பெருக்கினால் 1,350, மூவருக்கு அது எளிய மோதல். மூன்றாவது ஓகர் பின்னறையில் தூங்கட்டும்; சத்தம் அதிகமானால் எழுந்து வரும்.

போன வாரம் ஃபைட்டரை ஆடும் நண்பர் வரவில்லை. அவர் அட்டையிலிருந்து நாங்கள் படித்த வரி: ‘பாய்மரக் கயிறு இற்றுப்போயிருக்கிறது, இன்றிரவே மாற்றியாக வேண்டும்.’ வரும் அமர்வுக்கு உண்டு என்று சொல்லியிருக்கிறார். அவருக்கான கடிதத்தை இப்போதுதான் எழுதி முடித்தேன். கயிற்றோடு அவர் மரத்தின் உச்சியில் இருந்தபோது, கீழே படகின் பக்கப் பலகையை யாரோ மூன்று முறை தட்டியிருக்கிறார்கள். எட்டிப் பார்த்தபோது, தண்ணீருக்குள் கழுத்தளவு நின்றுகொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, ஒரு குழந்தை மேலே பார்த்துக்கொண்டிருந்தது.